கல்லில் கிடந்த ஏடுகள்

பழமையை அறிய விரும்புவோர் ஏடுகளை நாடுவர். ஏடு கிடைக்காத காலத்தை அறியக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நாடுவர். அவையும் இல்லாத காலத்தை அறிய, மண்ணுள் புதைந்த பானை ஓடுகளையும் முதுமக்கள் தாழிகளையும் அகழ்ந்து எடுப்பர். மக்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பும் இவ்வுலகம் இருந்தது. அப்போதும் மழை பெய்தது, ஆறு ஓடியது, கடல் அலைத்தது, எண்ணிறந்த உயிர்கள் பிறந்து வாழ்ந்து மடிந்தன. அவற்றைக் கண்டு எழுதி வைக்க ஒருவரும் இலர். ஆயினும் அக்காலத்தைப் பற்றிய ஏடு ஒன்று உண்டு. அதற்குச் சேறே ஓலை, நீரே எழுத்தாணி. சேறு இறுகிப் பாறையானபோது, அதனுள் அகப்பட்ட உயிரின் உருவமும் கல்லாகி நிலைத்தது. இவ்வாறு கல்லில் நிலைத்த உயிரின் சுவட்டைப் புதைபடிவம் என்பர்.

எல்லா ஊர்ப் பாறையிலும் இவ்வேடு கிடைப்பதில்லை. கோயம்புத்தூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் பெருவழியில் கருமத்தம்பட்டி என்னும் ஊர் உள்ளது. தறியொலி கேட்கும் ஊர்களுள் அதுவும் ஒன்று. சுற்றிலும் உள்ள நிலங்களில் உழவர்கள் ஆழ்ந்த கிணறுகளை வெட்டியுள்ளனர். கிணறு வெட்டும்போது முதலில் மண் வரும். அதன் கீழ்ச் சுக்கான் கல் வரும். பின்னர்க் கையால் பிசைந்தால் உதிரும் நொய்ந்த பாறை வரும். அதற்கும் கீழே, வெடி வைத்தாலன்றிப் பிளவாத கரும்பாறை வரும். தலைமுறை தலைமுறையாகக் கொங்கு நாட்டு உழவர் இக்கரும்பாறையோடு போராடி நீர் கண்டனர். அப்பாறையை எவ்வளவு ஆழம் உடைத்தாலும் ஒரு சிப்பியோ, ஒரு மீன் முள்ளோ, ஓர் இலையின் நரம்போ அதனுள் அகப்படாது. ஏன்?

பாறைகள் எல்லாம் ஒரே வகையில் பிறந்தவை அல்ல. சில, நிலத்தின் உள்ளே உருகிய குழம்பு குளிர்ந்து இறுகியவை. சில, நீரடியில் மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியவை. வேறு சில, முன்னர் இருந்த பாறைகள் நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருமாறியவை. கொங்கு நாட்டின் அடித்தளப் பாறைகளுள் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகையைச் சார்ந்தவை. அவற்றுள் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. அக்காலத்தில் உலகில் இருந்தவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே; ஓடும் எலும்பும் உடைய உயிர்கள் தோன்றவில்லை. அந்நுண்ணுயிர்களின் சுவடு ஏதேனும் இருந்திருப்பினும், பின்னர் நேர்ந்த பெருவெப்பத்தில் அது தங்கியிராது.

மதுக்கரையில் வெட்டிச் சிமெண்டு செய்யப்பட்ட சுண்ணாம்புக்கல்லும் இத்தகையதே. அது நிலத்தின் ஆழத்தில் வெந்து பளிங்குத் தன்மை பெற்ற கல். காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பாறையிலிருந்து நீலமும் பசுமையும் கலந்த மணிக்கற்கள் எடுக்கப்பட்டன. அழகிய மணிகளை ஈன்ற அந்நிலம் உயிரின் சுவட்டை மட்டும் ஈயவில்லை. தீயிற்பட்ட ஓலையில் எழுத்தைத் தேடினால் கிடைக்குமா? அதுபோலவே கொங்கு நாட்டுக் கரும்பாறையில் புதைபடிவத்தைத் தேடுவதால் பயன் இல்லை.

ஆதலின், அவ்வேட்டைக் காண விரும்பும் கருமத்தம்பட்டி மாணவன் காவிரி செல்லும் திசையிலேயே கிழக்கு நோக்கிச் செல்லுதல் வேண்டும். திருச்சிராப்பள்ளியைக் கடந்து அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை அடைந்தால் நிலத்தின் இயல்பே வேறுபடுவதைக் காண்பான். காரை என்னும் ஊரை அடுத்து, மழைநீர் அரித்து அரித்துப் பள்ளங்களும் சிறு குன்றுகளுமாகிய களிமண் நிலம் பரந்து கிடக்கின்றது. அங்கே தரையிலேயே துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற நீண்ட கற்கள் கிடக்கும். அவை பெலம்னைட்டு என்னும் கடல் உயிரியின் உடலுக்குள் இருந்த உறுதியான பகுதி. கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புப் பாறைகளிலோ சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. இன்று கடல் அங்கிருந்து பல மைல் கிழக்கே உள்ளது. புழுதி பறக்கும் வயலில் கடற்சிப்பி கல்லாய்க் கிடப்பது எவ்வாறு? ஒரு காலத்தில் கடலே அங்கு வந்து தங்கியிருந்தது என்பதே விடை.

ஓர் உயிர் மடிந்தால் அதன் உடல் பெரும்பாலும் எச்சமின்றி அழியும். மாடு ஒன்று காட்டில் இறந்தால், சில நாள்களில் கழுகும் நரியும் ஊனைத் தின்னும். எறும்பும் புழுவும் எஞ்சியதை அரிக்கும். எலும்பு வெயிலில் வெடித்து மழையில் நொறுங்கும். சில ஆண்டுகள் சென்றபின் அவ்விடத்தில் ஒரு மாடு இறந்தது என்பதற்கு எவ்வித அடையாளமும் இராது. இவ்வாறு அழிவதே இயற்கையின் பொது நெறி. புதைபடிவமாவது அந்நெறிக்கு விலக்காக அரிதினும் அரிதாய் நிகழ்வது.

அவ்விலக்கு நிகழ வேண்டுமாயின் சில வாய்ப்புகள் ஒருங்கே அமைதல் வேண்டும். முதலாவது, இறந்த உடல் விரைவில் மண்ணாலோ மணலாலோ மூடப்பட வேண்டும். கடலடியும் ஏரியடியும் ஆற்றின் வெள்ளச் சமவெளியும் இதற்கு ஏற்ற இடங்கள். மூடப்பட்ட உடலைத் தின்னும் உயிர்கள் அணுகா, காற்றும் புகாது, அழுகுதல் தடைப்படும். இரண்டாவது, உடலில் உறுதியான பகுதி இருத்தல் வேண்டும். ஓடு, எலும்பு, பல், மரத்தின் வைரம் ஆகியவை நிலைக்கும். மெல்லிய தசை மிக அரிதாகவே சுவடு விடும். மூன்றாவது, புதைந்த பொருளின்மேல் மேலும் மேலும் மண் படிந்து, அதன் அழுத்தத்தால் கீழடுக்குப் பாறையாக இறுகுதல் வேண்டும். இதற்கு நெடுங்காலம் செல்லும்.

பாறையாக இறுகும் மண்ணினூடே நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அந்நீரில் சுண்ணாம்பு, மணற்சத்தாகிய சிலிக்கா, இரும்பு முதலியன கரைந்துள்ளன. எலும்பின் நுண்துளைகளிலும் மரத்தின் குழாய்களிலும் அந்நீர் புகுந்து, தான் கொணர்ந்த பொருளைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டுச் செல்லும். துளைகள் நிறையும், சில இடங்களில் பழைய பொருளே நீங்கி, அதன் இடத்தில் கற்பொருள் அமரும். கருமத்தம்பட்டிப் பக்கத்து நெசவாளருக்கு இதனை விளக்குதல் எளிது. தறியில் பழைய பாவு தீரும்போது, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழைகளோடு பிணைப்பர். நூல் புதிது, ஆயினும் அச்சிலும் விழுதிலும் இழைகள் அமைந்த ஒழுங்கு பழையதே. அதுபோலவே கல்லான மரத்தில் பொருள் மாறினும் அமைப்பு மாறுவதில்லை. கல்மரத்தைக் கண்ணாடித் தாளைப்போல் மெல்லிதாகச் சீவி நுண்பெருக்காடியின் கீழ் வைத்தால், அம்மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்களும் உயிரணுக்களின் சுவர்களும் தெளிவாகப் புலப்படும்.

வேறொரு வகையும் உண்டு. மண்ணில் புதைந்த சிப்பி, மண் இறுகிய பின்னர்க் கரைந்து போகலாம். அப்போது பாறையில் சிப்பியின் வடிவமுள்ள வெற்றிடம் எஞ்சும். அவ்வெற்றிடத்தில் பிறிதொரு பொருள் வந்து நிரம்பினால் சிப்பியின் உருவம் மீண்டும் உண்டாகும். அச்சில் வார்த்த வெல்லத்தில் அச்சின் குழிவு மேடாவது போன்றது இது. மேலும், ஈரச் சேற்றில் பதிந்த காலடி, புழு குடைந்த வளை, பறவையோ பிற உயிரோ இட்ட முட்டை ஆகியவையும் புதைபடிவங்கள் ஆகலாம். எலும்பு ஓர் உயிரின் உருவத்தைச் சொல்லும். காலடியோ அது நடந்த நடையைச் சொல்லும்.

கல்லான மரங்களைக் காண விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவக்கரைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே செந்நிற மணற்கல் நிலத்தில் பெரிய மரங்கள் வீழ்ந்து கிடப்பனபோல் கற்கள் கிடக்கின்றன. தட்டினால் கல்லோசை கேட்கும். கண்ணால் கண்டாலோ மரத்தின் நாரும் கணுவும் தோன்றும். அவ்வூரில் வக்கிரகாளி கோயில் கொண்டுள்ளாள். அக்கற்கள் வக்கிராசுரனுடைய எலும்புகள் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தனர். அக்கதையைக் கேட்டு நகைப்பது தகாது. காலில் இடறிய கல்லைக் கண்டு, 'இது பிற கற்களைப் போன்றதன்று. முன்னொரு காலத்தில் உயிரோடு இருந்தது' என்று அவர்கள் உணர்ந்தனர். அவ்வுணர்வு சரியானதே. எவ்வுயிர் என்பதை மட்டும் பின்வந்த அறிவு திருத்தியது.

சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1781-ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றி எழுதினார். இம்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மா, புளி, மருது முதலிய மரங்களோடு உறவுடைய இனங்கள் இவற்றுள் இருப்பதை ஆய்வாளர் கண்டனர். மேலும் ஒன்றையும் அவர்கள் நோக்கினர். இக்கல்மரங்களில் கிளை இல்லை, இலை இல்லை, வேரும் இல்லை. அவை நின்ற இடத்திலேயே கல்லாகியிருப்பின் இவையும் உடன் இருந்திருக்கும். ஆகவே வேறோர் இடத்தில் வளர்ந்த மரங்களை வெள்ளம் பெயர்த்து, உருட்டி, கிளையையும் வேரையும் முறித்து, ஈண்டுக் கொணர்ந்து மணலில் புதைத்தது என்று தெளிந்தனர். கல்லில் உள்ளதைக் கொண்டு மட்டுமின்றி, கல்லில் இல்லாததைக் கொண்டும் உண்மை காணலாம் என்பதற்கு இது நல்ல சான்று. இந்திய நில ஆய்வுத் துறை 1951-இல் இவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக்கியது.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இதனினும் பழைய மரம் ஒன்று கிடக்கின்றது. அதன் நீளம் 18 மீட்டர். தஞ்சை மாவட்டத்து மகாராசபுரத்தில் பிறந்தவரும், பிற்காலத்தில் இந்திய நில ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியருமாகிய ம. சீ. கிருட்டிணன் என்னும் அறிஞர் 1940-இல் அதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். அம்மரம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமை உடையது. பூக்கும் மரங்கள் இன்றுபோல் உலகெங்கும் பெருகுவதற்கு முன்பு செழித்திருந்த ஊசியிலை மர வகையைச் சார்ந்தது. கரையில் நின்ற அம்மரத்தை ஆறு கடலுக்கு ஈர்த்துச் சென்றது. ஆழமற்ற கடலின் சேறு அதனை மூடியது. பின்னர்க் கடல் விலகிற்று, மேலிருந்த மண்ணை மழை அரித்தது, மரம் வெளிப்பட்டது. ஓடையருகே கிடக்கும் அம்மரம் ஓர் ஆற்றையும், ஒரு கடலையும், ஒரு காட்டையும் ஒருங்கே காட்டுகின்றது.

அக்கடல் எவ்வாறு தோன்றியது? தென்னிந்தியா, ஆப்பிரிக்கா, மடகாசுகர், ஆசுதிரேலியா, அண்டார்க்டிகா ஆகிய நிலங்கள் முன்னொரு காலத்தில் ஒன்றாய் இணைந்திருந்தன. அவை பிளந்து பிரிந்தபோது இந்தியாவின் கிழக்கு ஓரம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் கடல் புகுந்தது. பலமுறை முன்னேறிப் பலமுறை பின்வாங்கியது. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்தன. ஊட்டத்தூர் முதல் அரியலூர் வரையிலும், அதற்கு அப்பாலும் காணப்படும் பாறை அடுக்குகள் அப்படிந்தவையே. கீழடுக்கு முந்தியது, மேலடுக்குப் பிந்தியது. அடுக்கிய ஓலைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் படிப்பதுபோல அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்கலாம்.

அவ்வோலைகளில் மிகுதியாகக் காணப்படும் எழுத்து அம்மோனைட்டு என்பது. சுருண்ட ஆட்டுக் கொம்பைப் போன்ற ஓடு உடைய அவ்வுயிர் கடலில் நீந்தி வாழ்ந்தது. கணவாய் மீனின் இனத்தோடு உறவுடையது. இதன் உருவம் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. வைணவர் இல்லங்களில் வழிபடப்பெறும் சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. அதனுள் காணப்படும் சக்கரம் போன்ற சுருள் அம்மோனைட்டின் சுவடே. இமயமலையின் உயரத்திலிருந்து ஆறு அதனை உருட்டி வருகின்றது. எனவே இமயம் எழுவதற்கு முன் அங்கும் கடல் இருந்தது என்பதற்கு அச்சிறு கல் சான்று பகர்கின்றது. அம்மோனைட்டு இனங்கள் விரைந்து மாறிக்கொண்டே வந்தமையால், எந்த அடுக்கில் எந்த இனம் உள்ளது என்பதைக் கொண்டு அந்த அடுக்கின் காலத்தை உறுதி செய்யலாம். மடகாசுகரிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்த அம்மோனைட்டுகளோடு தமிழகத்து அம்மோனைட்டுகள் ஒத்திருத்தலும் அறியப்பட்டது.

இவ்வேட்டைப் படித்தவர் பலர். கேய், கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1840-களில் இப்பகுதியில் புதைபடிவங்களைத் திரட்டினர். பிளான்ஃபோர்டு என்பவர் பின்னர் இப்பாறை அடுக்குகளை வகுத்து வரைபடம் அமைத்தார். மொரேவியா நாட்டில் 1838-இல் பிறந்த ஸ்டோலிச்கா என்னும் இளைஞர் 1862-இல் இந்திய நில ஆய்வுத் துறையில் சேர்ந்து, தென்னிந்தியக் கடற்படிவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1873-க்குள் பெருந்தொகுதிகள் பலவற்றை எழுதி முடித்தார். மறு ஆண்டிலேயே இமயத்துக்கு அப்பாலுள்ள நாடுகளை ஆராய்ந்து திரும்பும் வழியில் லடாக்கில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. அரியலூர்ச் சிப்பிகளை ஆராய்வோர் இன்றும் அவர் நூலைப் புரட்டுகின்றனர்.

அம்மோனைட்டுகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் அடியோடு அழிந்தன. பறவையினம் ஒழிந்த பிற டைனோசர்களும் அப்போதே அழிந்தன. விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோ நாட்டுக் கரையில் வீழ்ந்ததும், அதே காலத்தில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்ததும் இயற்கையை நிலைகுலையச் செய்தன என்பர். கடலில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆண்டிருந்த ஓர் இனம் ஓர் அடுக்கில் உள்ளது. அதற்கு மேலடுக்கில் இல்லை. வலிமையும் பெருக்கமும் நிலைத்த வாழ்வுக்கு உறுதியாகா என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உரைக்கும் நூல் வேறு யாது?

எனினும் இவ்வேடு முழுமையானதன்று. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் இல்லை. அவ்விடங்களில் என்ன இருந்தது என்று கற்பனை செய்து நிரப்புவோர் புலவர் ஆகார். பாறை ஏட்டிலும் இத்தகைய விடுபாடுகள் மிகப் பல. படிந்த அடுக்கையே வெள்ளம் அரித்துச் சென்ற இடங்கள் உண்டு. பல்லாண்டுகள் ஒன்றுமே படியாத இடங்களும் உண்டு. ஆதலின் புதைபடிவத்தைப் படிப்போர்க்குப் பொறுமை வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020-இல் குளம் ஒன்றை ஆழப்படுத்தியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்ற பேச்சு எங்கும் பரவியது. அறிந்தோர் வந்து நோக்கி, அவை அம்மோனைட்டு முதலியவற்றைச் சுற்றி மண் இறுகி உண்டான உருண்டைகளே என்றனர். மக்கள் ஆவல் குற்றமன்று. ஆவலின் பின்னே ஆராய்ச்சியும் வருதல் வேண்டும்.

ஏட்டுச்சுவடிகளைச் செல்லரித்த கதையைத் தமிழர் நன்கறிவர். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகள் முன்னரே தீயில் இடப்பட்டன என்று கேட்டு மனம் நொந்தார். ஆயினும் ஓலைச்சுவடிக்கு ஒரு நற்பேறு உண்டு. ஓர் ஊரில் அழிந்த நூலுக்கு மற்றோர் ஊரில் படி இருக்கலாம். புதைபடிவத்துக்கு அப்பேறு இல்லை. ஒவ்வோர் எலும்பும் ஒரே படியுடைய ஏடு.

அத்தகைய ஏடு ஒன்று தமிழகத்திலேயே அழிந்தது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் மிகப் பெரிய எலும்புகள் சில வெளிப்பட்டன. இந்திய நில ஆய்வுத் துறையைச் சார்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் 1987-இல் அவற்றைப் பற்றி எழுதி, அவ்வுயிருக்குப் 'பிருகத்காயோசாரசு' என்று பெயரிட்டனர். 'பேருடல் பல்லி' என்பது அதன் பொருள். அதன் கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் இருந்தது. அவர்கள் கணித்த அளவு சரியாயின், அது நிலத்தில் நடந்த உயிர்களுள் மிகப் பெரியவற்றோடு ஒப்பிடத் தக்கது. ஆனால் அவ்வெலும்புகள் மிகவும் நொய்ந்தவை. மழைநீரை ஏற்ற மண்ணில் கிடந்தமையால், காத்து வைக்க முயன்றும் பயனின்றி உதிர்ந்து போயின. எஞ்சியவை வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே. அவ்வொளிப்படங்கள் 2022-இல் வெளியாயின.

எலும்பு அழிந்தமையால் ஐயமும் தீராதாயிற்று. முதலில் அதனை ஊனுண்ணும் இனம் என்று எழுதினர். பின்னர்த் தழையுண்ணும் நெடுங்கழுத்து இனம் என்றனர். எலும்பேயன்று, கல்மரம் என்று ஐயுற்றாரும் உளர். எலும்பு கையில் இருப்பின் ஒரு சிறு துண்டைச் சீவி நோக்கியே இவ்வழக்கைத் தீர்த்திருக்கலாம். 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் காப்பாக இருந்த ஒரு பொருள், வெளிச்சத்துக்கு வந்த சில காலத்துக்குள் மறைந்தது. மண் காத்ததை வெளியே எடுத்தபின் காக்கும் கடமை மக்களுடையது. அதனை நிறைவேற்றுதல் எவ்வளவு அரிது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அரியலூரில் மற்றொரு சிக்கலும் உண்டு. அப்பழங்கடலின் சிப்பிகளும் பவளங்களும் பாசிகளும் திரண்டு உண்டான சுண்ணாம்புப் பாறையே, அப்பகுதியின் சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் அதற்கென ஆழ்ந்த சுரங்கப் பள்ளங்கள் வெட்டப்பட்டன. அச்சிமெண்டு வீடாயிற்று, பள்ளியாயிற்று, அணையாயிற்று. கல்லூன்றி வாழும் மக்களுக்குச் சுண்ணாம்பு வேண்டும். அதனை வெட்டாதே என்று சொல்வது எளிதன்று. மேலும், சுரங்கம் வெட்டியதனாலேயே வெளிப்பட்ட புதைபடிவங்களும் பல. வெட்டியிராவிடில் அவற்றை எவரும் கண்டிரார். ஆனால் வெட்டியது எது என்று நோக்காமல் முழுவதையும் அரவைப் பொறியில் இட்டால், படிக்கப்படாத ஏட்டை அடுப்பிலிட்டதற்கு அது ஒப்பாகும். வெட்டுவோர் அருகில் அறிந்தோர் ஒருவர் நிற்றலும், அரியவற்றை எடுத்துக் காத்தலும், சில இடங்களை வெட்டாமலே விடுதலும் வேண்டும். அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் அமைந்திருப்பது இவ்வழியில் நல்ல தொடக்கம்.

பீர்பால் சாகினி என்னும் பேரறிஞர் இந்தியாவின் தொல்தாவரங்களை ஆராய்வதற்கென்றே இலக்னோவில் ஒரு நிறுவனத்தை உண்டாக்க விரும்பினார். அதன் அடிக்கல்லைத் தாமே அமைத்தார். வெறுங்கல்லை வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. பல இடங்களிலிருந்து திரட்டிய புதைபடிவங்களைப் பதித்து அக்கல்லை உருவாக்கினார். 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் சவகர்லால் நேரு அதனை நாட்டினார். ஒரு வாரம் கழிந்தது. ஏப்ரல் 10-ஆம் நாள் சாகினி மறைந்தார். கட்டடத்தைக் காண அவர் இருக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய பணி தொடர்ந்து நடைபெறுகின்றது. கோடிக்கணக்கான ஆண்டுகளை எண்ணிப் பழகிய அவர், தம் வாழ்நாளின் சிறுமையைக் கண்டு சோர்ந்திலர். பின்வருவோர் படிக்கும்படி ஏட்டைப் பேணி வைப்பதையே தம் கடனாகக் கொண்டார்.

இத்துறையில் மாணவர் செய்யத் தக்கதும் உண்டு. புறநானூற்றுப் பாடல் ஒவ்வொன்றின் கீழும் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் ஆகியவற்றைக் குறித்து வைத்தனர் முன்னோர். அக்குறிப்பு இல்லாவிடில் பல பாடல்களின் வரலாறு விளங்காது. புதைபடிவத்துக்கும் அத்தகைய குறிப்பு இன்றியமையாதது. எந்த ஊரில், எந்த நிலத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பவை தெரிந்தால்தான் அது பேசும். அவை தெரியாமல் பெயர்த்து வீட்டு அலமாரியில் வைத்த படிவம் வெறும் அழகிய கல்லே. ஆதலின் வழியில் ஒரு படிவத்தைக் கண்டவர் அதனை உளியால் பெயர்த்தல் ஆகாது. கிடந்த நிலையை வரைந்துகொண்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியருக்கோ அருங்காட்சியகத்துக்கோ அறிவித்தல் வேண்டும்.

தம் ஊர்ப் பாறையில் ஒரு சிப்பியும் இல்லையே என்று கொங்கு நாட்டு மாணவர் வருந்த வேண்டுவதில்லை. பழங்கடலின் ஏடு அரியலூரில் உள்ளது. பழங்காட்டின் ஏடு திருவக்கரையில் உள்ளது. உயிர்கள் பெருகுவதற்கு முன்னர் உலகம் இருந்த நிலையைக் காட்டும் ஏடு கருமத்தம்பட்டிக் கிணற்றடியில் உள்ளது. ஒரு நூலின் ஏடுகள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தால், அவற்றுள் எதுவும் ஓர் ஊருக்கு மட்டும் உரியதாகாது. அவற்றைச் சேர்த்துப் படிக்கும் யாவருக்கும் அந்நூல் பொது; அதனைக் காக்கும் கடமையும் யாவருக்கும் பொது.